நடுவில் ஏதாவது வந்ததா?

"ஸ்நாப்பு, இன்னும் எத்தனை நிமிஷம்?"

பின்னாலிருந்து பெரியக்கா கேட்டாள். ஸ்நாப்புவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. அதிகாலை மூன்று மணிக்கு எடுத்த ஸ்நாப்ஷாட் படத்திலிருந்து புது வட்டு. வட்டை மெஷினில் மாட்டு. மெஷினைக் கிளப்பு. திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு ஆமையாக நகர்ந்தது.

பதினோரு நிமிஷமாக ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குக் கண் தெரியவில்லை. சுவரை அடைத்திருந்த வரைபடத் திரை கறுத்துக் கிடந்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது காலி, எது நோயாளியோடு ஓடுகிறது, ஒன்றும் தெரியாது. ஹெட்செட் மாட்டிய ஆறு பெண்கள் வருகிற அழைப்புகளைக் காகிதத்தில் கிறுக்கி, வாக்கிடாக்கியில் ஓட்டுநர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உச்சி வெயில் நேரம், பன்னிரண்டு இன்னும் ஆகவில்லை. ஆனாலும் ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டிருந்ததால் அறைக்குள் எப்போதும் அந்திதான். ஏசி மட்டும் ஒரே சுருதியில் முனகியது.

"மேற்குப் பக்கம் ஒரு பொண்ணு பிரசவ வலியில இருக்கா," என்றாள் பெரியக்கா. அந்த அறையின் பொறுப்பு அவளுடையது. இருபது வருஷமாக அவள் சொன்னால்தான் சைரன் ஊதும். "வீட்டுக்காரன் லைன்ல அழறான். பக்கத்துல எந்த வண்டின்னு எனக்குத் தெரியணும்ப்பா."

"வந்துடும்க்கா."

பச்சைக் கோடு முடிந்தது. மெஷின் எழுந்தது.

அவன் மட்டும் பார்க்கிற சின்னத் திரையில் மெஷினின் கடிகாரம் தெரிந்தது.

12.17.

தேதி, ஏழு மாதங்களுக்கு முந்தையது.

அதன் கீழே, காத்திருப்பு வரிசையில், ஒரே ஒரு அழைப்பு.

அவன் முகவரியைப் படிக்கவில்லை. வட்டைக் கழற்றினான். அழித்தான்.

"வரலக்கா. இதுவும் கெட்டுப்போயிருக்கு. அடுத்ததைப் போடுறேன்."

ஒன்பது மணிப் படத்துக்கும் ஆறு மணிப் படத்துக்கும் இதையேதான் சொல்லியிருந்தான். மூன்றுமே நன்றாக எழுந்து நின்றன என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஸ்நாப்ஷாட் என்பது பெரிய மந்திரமில்லை. ஓடுகிற மெஷினின் வட்டு முழுவதையும் அந்த நொடியில் இருந்தபடியே பிடித்து வைத்துக்கொள்வது. மெஷின் கெட்டால், பிடித்து வைத்த படத்திலிருந்து திரும்ப எழுப்பிக்கொள்ளலாம். அந்த மெஷினை அவன் தொட்டதுகூடக் கிடையாது. அது கிளவுட்டில், எங்கோ ஒரு பெரிய கூடத்தில், யாரோ காவல் காக்கிற இடத்தில் ஓடுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு படம். மொத்தம் ஏழு. எட்டாவது வந்ததும் பழையது தானாக அழிந்துவிடும். பேக்கப் பிரிவில் உட்கார்ந்து இந்த விதிகளை எழுதி அமைத்தவன் அவன். அதனால்தான் ஸ்நாப்பு என்று பெயர்.

இதில் ஒரே ஒரு இழப்பு உண்டு. படம் எடுத்த நேரத்துக்கும் மீட்டெடுக்கிற நேரத்துக்கும் நடுவில் வந்ததெல்லாம் போய்விடும். அந்த நடுநேரத்தில் கூப்பிட்டவர்கள், மெஷினைப் பொறுத்தவரை, கூப்பிடவே இல்லை.

ஆகவே அந்த அறையில் ஒரு வழக்கம். மீட்பதற்கு முன்னால், கெட்டுப்போன மெஷினையே முதலில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அதோடு உள்ளே போய், நடுவில் மாட்டிக்கொண்ட அழைப்புகளைக் கையால் எழுதிப் பெரியக்காவிடம் கொடுக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிடுவாள். "நடுவுல ஏதாவது வந்திருக்கா?" என்று அவள் கேட்டு, அதற்குப் பதில் வந்த பிறகுதான் மீட்கிற பட்டன்.

ஏழு மாதங்களுக்கு முன்பும் கேட்டாள். எதுவும் வரவில்லை என்றான்.

அன்று மென்பொருளில் செய்த ஒரு மாற்றம் சிக்கிக்கொண்டு, வரும் அழைப்புகள் மெஷினுக்குள் சேர்ந்தன; திரைக்கு வரவில்லை. 12.25க்குக் கெட்ட மெஷினைப் படம் எடுத்துக்கொண்டு, 12 மணிப் படத்துக்கு மீட்டான். அரை மணி நேரத்தில் அறை பழையபடி ஆகிவிட்டது. யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது, அவன் மனைவி சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன். நெஞ்சில் தடவிய தைலத்தின் வாசனை வீடு முழுக்க இருந்தது. மூச்சு நின்று நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

அவளுக்கு வீசிங், மூச்சிழுப்பு உண்டு. அவள் போனில் ஆம்புலன்ஸ் ஆப் போட்டுக் கொடுத்ததே அவன்தான். ஒரே பட்டன். அழுத்தினால் முகவரி வந்துவிடும், பேசுவதற்கு மூச்சைச் செலவழிக்க வேண்டாம். முன்பு இரண்டு தடவை அழுத்தியிருந்தாள். இரண்டு தடவையும் வண்டி போய்ச் சேர்வதற்குள் இழுப்பு அடங்கிவிட்டது. இரண்டாவது தடவை போன வண்டியை ஓட்டியவன் அவளுடைய சொந்தத் தம்பி.

"என்னக்கா, தம்பியைப் பார்க்கணும்னா போன் பண்ணு. சைரன் எதுக்கு?" என்று அவன் கேட்டது அறைக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரம் சிரித்தார்கள். "ஸ்நாப்பு, உங்க வீட்டம்மாவுக்குப் பொழுது போகலன்னா நம்ம வண்டிதான் கிடைச்சுதா?" அவனும் சேர்ந்து சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

மூன்றாவது தடவை அவள் அழுத்தவே இல்லை என்றது பதிவேடு. போனைத் திறக்கும் எண் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை அவன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அன்று மதியம் அவள் தம்பியின் வண்டி இரண்டு தெரு தள்ளி, மர நிழலில், சும்மா நின்றிருந்தது.

அந்த 12.25 படத்தை அவன் அன்றிரவே அழித்தான்.

மறுநாள் பட்டியலில் அது இருந்தது. அழித்தான். மூன்று நாள் கழித்து இருந்தது. அழித்தான். ஏழுக்கு மேல் எட்டாவதாக ஒன்று நிற்கவே முடியாத பட்டியலில், எட்டாவதாக நின்றது. இன்றும் நிற்கிறது.

நள்ளிரவுப் படம் எழுந்தது. 12.17. ஒரு அழைப்பு.

நேற்றிரவு ஒன்பது, மாலை ஆறு, மதியம் மூன்று மணிப் படங்கள். மூன்றிலும் 12.17. ஒரு அழைப்பு.

அப்போதுதான் மேஜையில் கிடந்த ஹெட்செட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எந்த லைனோடும் இணைக்காத ஹெட்செட்.

மெல்லிய விசில் மாதிரி ஒரு இழுப்பு. நீளமாக உள்ளே போயிற்று. துண்டு துண்டாக வெளியே வந்தது.

அவன் அதைக் கவிழ்த்து வைத்தான். தைலம் மணத்தது.

"மாமா."

திடுக்கிட்டுத் திரும்பினான். மைத்துனன் சீருடையோடு நின்றிருந்தான். ஏழு மாதத்தில் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தான்.

"டேப்லெட் செத்துப்போச்சு மாமா. வாக்கிடாக்கியில எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க, பாதி முகவரிதான் காதுல விழுது. நேர்லயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என்னதான் ஆச்சு உங்க மெஷினுக்கு?"

"பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன் மாப்ள. நீ வண்டிக்குப் போ."

"எத்தனை படம் பாக்கி?"

"எல்லாம் கெட்டுப்போச்சு."

மைத்துனன் குனிந்து பட்டியலைப் பார்த்தான். அவன் விரல் கடைசி வரியில் நின்றது.

"இது இருக்கே."

"அது பழசு. வேலைக்கு ஆகாது."

"பழசா இருந்தா என்ன? வண்டிங்க நிக்கிற இடத்தை அதுங்களே அனுப்பும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?" பேச்சு பாதியில் நின்றது. தேதியைப் படித்துவிட்டான். "அக்கா போன நாளு."

"ம்."

"நானும் தினம் யோசிக்கிறேன் மாமா. போன் கையிலதான் இருந்துச்சு. ஏன் அழுத்தல? ஒரே பதில்தான் வருது. தம்பி மறுபடியும் கிண்டல் பண்ணுவான்னு நினைச்சிருப்பா." குரல் தாழ்ந்தது. "அவளைக் கொன்னது இழுப்பு இல்ல மாமா. என் வாயி."

ஸ்நாப்பு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் படத்தை எழுப்பினால் இவன் தோளில் இருக்கிற பாரம் இறங்கிவிடும். இறங்கி எங்கே வந்து உட்காரும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"ஸ்நாப்பு," பெரியக்காவின் குரல் கம்மியிருந்தது. "அந்தப் பொண்ணுக்கு ரத்தம் போகுதாம்."

கவிழ்த்து வைத்த ஹெட்செட்டுக்குள் இழுப்பு நின்றது.

உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை.

அவன் காத்திருந்தான். வரவில்லை.

கை தானாக நீண்டு 12.25 படத்தைத் தேர்ந்தெடுத்தது. வட்டு. மெஷின். பச்சைக் கோடு இந்தத் தடவை ஊர்ந்து போகவில்லை. ஒரே தாவலில் முடிந்தது, இதற்காகவே காத்திருந்ததுபோல.

சுவர்த்திரை ஒளிர்ந்தது. வரைபடம் விரிந்தது. புள்ளி புள்ளியாக வண்டிகள் பூத்தன. ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். மேற்குப் பக்கம் மூன்று தெரு தள்ளி ஒரு காலி வண்டி நின்றிருந்தது. பெரியக்கா அதை அனுப்பினாள். நான்கு நிமிஷத்தில் அந்தப் பெண் ஸ்ட்ரெச்சரில் ஏறிவிட்டாள் என்று தகவல் வந்தது.

பிறகுதான் எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

காத்திருப்பு வரிசையின் உச்சியில், சிவப்பில், ஒரு வரி.

வந்த நேரம் 12.17. காத்திருக்கும் நேரம் ஏழு மாதம், பதினோரு நாள்.

மைத்துனனின் இடுப்பில் தொங்கிய டேப்லெட் உயிர் பெற்றுக் கூவியது. பக்கத்தில் இருக்கிற காலி வண்டி அவனுடையதாம். எடுத்துப் பார்த்தான்.

"மாமா, இது அக்கா வீடு."

முகவரியை விரலால் தடவினான்.

"அழுத்தியிருக்கா." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அழுத்தியிருக்கா மாமா. நான் சொன்னதை மனசுல வெச்சுக்கல. நாம வருவோம்னு நம்பித்தான் அழுத்தியிருக்கா."

ஏழு மாதமாக வராத அழுகை வந்தது. முகத்தை மூடிக்கொள்ளாமல், சின்னப் பிள்ளைபோல அழுதான். பெரியக்கா வந்து அவன் தலையில் கை வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அன்னிக்கு நடுவுல வந்ததா?"

"தெரியலக்கா," என்றான் ஸ்நாப்பு. "மெஷின் காட்டல. காட்டியிருந்தா எழுதிக் குடுத்திருக்க மாட்டேனா?"

அவள் நம்பினாள்.

அப்போது ஒரு பெண் தன் ஹெட்செட்டைக் காதிலிருந்து மெதுவாக விலக்கினாள். அடுத்தவளும் விலக்கினாள். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் கழற்றி மேஜையில் வைத்தார்கள்.

ஆறு ஹெட்செட்டிலிருந்தும் ஒரே இழுப்பு.

உள்ளே. வெளியே.

"யாரு லைன்ல?" பெரியக்கா கிசுகிசுத்தாள்.

"எந்த லைனும் திறக்கலக்கா."

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்தான். அந்தச் சிவப்பு வரி துடித்துக்கொண்டிருந்தது. தொட்டான். அழைப்பின் முழு விவரமும் விரிந்தது. புதியது மேலே, பழையது கீழே.

"இன்னைக்குத் தேதி போட்டிருக்கு," என்றான் வறண்ட குரலில். "'அழைத்தவர் மீண்டும் அழுத்தினார்.' இப்பதான். இந்த நிமிஷம்." திரை ஒரு வரி கீழே நகர்ந்தது. "மறுபடியும்."

"அதை மூடு மாப்ள."

"இருங்க."

"மூடுன்னு சொல்றேன்ல."

மைத்துனன் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு விரலால் திரையைத் தள்ளித் தள்ளிக் கீழே போனான். வாரங்கள் ஓடின. மாதங்கள் ஓடின. எல்லா வரியிலும் அதே வாசகம். கடைசியில் அந்த நாள் வந்தது. விரல் நின்றது. ஹெட்செட்டுகளில் இழுப்பும் நின்றது.

மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பவன்போல, கீழிருந்து மேலாகச் சத்தமாகப் படித்தான்.

"12.17. அழைப்பு வந்தது. 12.20. அழைத்தவர் மீண்டும் அழுத்தினார். 12.23. மீண்டும் அழுத்தினார்."

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான்.

"12.24. அழைப்பு திறந்து பார்க்கப்பட்டது. பார்த்தவர், பேக்கப் பிரிவு. பார்த்த நேரம், நாற்பது நொடி."

அந்தப் பிரிவில் ஒரே ஆள்தான்.

நாற்பது நொடியில் ஒரு முகவரியை எத்தனை தடவை படிக்கலாம்? அன்று ஸ்நாப்பு இரண்டு தடவை படித்தான். இன்னொரு வாரம் சிரிப்பார்கள் என்று நினைத்தான். மீட்டெடுத்தால் இந்த ஒரு வரி இல்லாமல் போய்விடும் என்றும் நினைத்தான். வீட்டுக்குப் போய் அவளிடம் கொஞ்சம் கோபமாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதானே.

அவன் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அந்த நாற்பது நொடிக்குள், அவன் கண் முன்னால் இன்னொரு வரி சேர்ந்தது. அதையும் அவன் படித்தான்.

"12.24," என்றான் மைத்துனன். "மீண்டும் அழுத்தினார்."