உள்பக்கத் தாழ்ப்பாள்

படுக்கும்போது இறுக்கிப் போட்ட தாழ்ப்பாள், கண் விழித்தபோது பாதி விலகிக் கிடந்தது.

உள்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பியைக் காய்ச்ச, போர்வையிலிருந்து மருந்தும் வியர்வையும் கலந்த வாடை எழும்ப, தள்ளாடிப் போய் அதை மறுபடி இழுத்து மாட்டினாள்.

சத்தம் கேட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் புருஷன் புரண்டான். "உயிரோட இருக்கியாடி?"

"செத்தா சொல்லி அனுப்பறேன். தள்ளிப் போய்ப் படுய்யா."

"உன் இருமல் கேக்காம தூக்கம் வரல."

சிமெண்ட் மூட்டை சுமந்தே நெஞ்சு பாழாய்ப் போனவன். சிரித்தாலே மூச்சு விசிலடிக்கும்.

அவள் ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவுகிறவள். மூடியில் ஒட்டிய சொட்டை ஊதித் தள்ளுவது அங்கே எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். அன்றைக்கும் முகக்கவசத்தை இறக்கி ஊதினாள். அந்தச் சீசாவில் வைரஸை இன்னும் கொல்லவில்லை என்று பிறகுதான் சொன்னார்கள்.

டாக்டரம்மா போனில் விளக்கினாள். "அது தானா உள்ள நுழையாதும்மா. உடம்புல இருக்கிற செல்லு மேல ஒட்டிக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். நம்ம தொண்டையிலயே இருக்கிற நொதி, கத்திரி மாதிரி அதோட முள்ளை வெட்டி விடும். அப்புறம்தான் வழி திறக்கும்."

"அப்போ திறந்து விடறது நானா?"

"உன் உடம்பு. உனக்கே தெரியாம. நீ தேறிடுவே. உன் வீட்டுக்காரர் தாங்க மாட்டார். கதவைத் திறந்துடாதே."

இப்போது தாழ்ப்பாளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை எடுத்து வலது கையைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். தூங்கக் கூடாது என்று மின்விசிறியின் கடகடப்பைக் கவனித்தாள், குழாய் சொட்டுவதைக் கவனித்தாள், கதவுக்கு வெளியே விசிலடிக்கும் அந்த மூச்சைக் கவனித்தாள். காய்ச்சல் இமையைப் பிடித்து இழுத்தது.

கிரீச்.

கனவு என்று நினைத்தாள்.

விசில் மூச்சு கேட்டது. பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில்.

கண் திறந்தாள். முதுகுக்குக் கீழே கட்டில் இல்லை. முழங்காலில் தரையின் குளிர். மணிக்கட்டில் துப்பட்டா இல்லை. பின்னால் கதவு, அகலத் திறந்து.

கீழே அவன். மல்லாந்து, அயர்ந்து.

அவள் கை அவன் உதடுகளைப் பிரித்துப் பிடித்திருந்தது.

இழுத்தாள். கை வரவில்லை.

கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை.

குவிந்தது. மூடியில் ஒட்டிய சொட்டை ஊதக் குவிகிற மாதிரி.