பூரணியின் மஞ்சள் தாள்

சிவகாசியில் ஒரு வீட்டில் நீச்சல் தொட்டி கட்டினார்கள் என்று சொன்னால், அந்தக் காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு காத்துக் கிடந்த ஊர். மழை என்பது ஐப்பசியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடும் விருந்தாளி.

ஆனாலும் கட்டினார்கள். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் சேசுராஜ்தான் கட்டினார். வீட்டின் பின்பக்கம், கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் சிமெண்டுத் தொட்டி எழும்பியது. பெரியவர்களுக்கு இடுப்பளவு ஆழம். இறங்குவதற்குப் படிகள். பிடித்துக்கொள்ள நீளவாக்கில் ஒரு கயிறு.

தெருப் பிள்ளைகள் அதற்கு 'சேசுராஜ் ஊருணி' என்று பெயர் வைத்தார்கள். மீன் விடுவார்களா, விட்டால் தூண்டில் போடலாமா என்று தினமும் யாராவது வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தத் தொட்டி யோபுவுக்காகக் கட்டியது.

யோபு சேசுராஜின் இளைய பிள்ளை. ஏழு வயது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, அவனுடைய வலது கால் மெலிந்து போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் நடப்பான். அவன் வருவது தெரிய வேண்டாமா என்பதுபோல அந்த பூட்ஸ் கடக், கடக் என்று சத்தம் போடும்.

அவன் அம்மா இன்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகனை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினாள். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் தெரியாது, தினமும் மார்பளவு தண்ணீரில் நடக்கவிட்டால் காலில் பலம் ஏறும், வளர்கிற வயதில் செய்தால்தான் பலன் என்று அவர் சொன்னார். அதைக் கேட்ட சேசுராஜ், புதிதாக ஓர் அச்சு இயந்திரம் வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டுத் தொட்டி கட்ட ஆள் வரச்சொன்னார்.

தொட்டியை நிரப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர்கள் வீட்டுக் கிணற்றில்தான் அந்தத் தெருவே குடிதண்ணீர் எடுத்தது. எதிர்வீட்டு ராமுத்தாய், தீப்பெட்டி ஒட்டிப் பிழைப்பவள், தெருப் பெண்களிடம் பேசினாள். தொட்டி நிரம்பும் வரைக்கும் ஆளுக்கு ஒரு குடம் குறைத்து எடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். சேசுராஜ் நன்றி சொல்லப் போனபோது ராமுத்தாய் பசைக் கையை உதறிக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளை நடக்கணும்ல அண்ணாச்சி. தலைக்கு ஊத்துறதைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டாப் போச்சு."

தொட்டி நிரம்பியது. வேப்பமரம் தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தது. சேசுராஜ் ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டுக்கொண்டு வந்து கிருமி சாகப் பிளீச்சிங் பவுடர் கலந்தார். மறுநாள் காலை யோபுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் யோபு கத்த ஆரம்பித்தான். கண்ணைக் கசக்கினான். அப்பாவின் கழுத்தைப் பிடித்துத் தொங்கினான்.

"தண்ணி கடிக்குதுப்பா. கண்ணு எரியுது."

முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்றார் அப்பா. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் யோபு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். உடம்பெல்லாம் சொரிந்து சிவந்திருந்தது.

"பயம். வேற ஒண்ணுமில்லை. தண்ணியைப் பாத்தாப் பயப்படுறான்" என்றார் அப்பா. அம்மாவும் அதைத்தான் நினைத்தாள். அழுதால் கண் சிவக்கத்தானே செய்யும்?

அக்கா பூரணி மட்டும் அப்படி நினைக்கவில்லை. முழுப் பெயர் ஞானபூரணி. ஆறாம் வகுப்பில் படித்தாள். யோபுவை அவளுக்கு நன்றாகத் தெரியும். பல்லி என்றால் பயப்படுவான், பாகற்காய் என்றால் பொய் சொல்லுவான். ஆனால் வலி விஷயத்தில் அவன் பொய் சொன்னதே இல்லை. ஊசி போடும்போதுகூட உண்மையாக எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அழுவான்.

அவள் கட்டிலுக்கு அடியில் தானும் நுழைந்து, அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"நிசமாவே எரியுதாலே?"

"நிசமாத்தாங்க்கா. நீ வேணும்னா இறங்கிப் பாரு."

பூரணி இறங்கிப் பார்த்தாள். தலையை முக்கி, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தாள். எரிந்தது. சோப்பு கண்ணுக்குள் போனால் எரியுமே, அந்த மாதிரி. வெளியே வந்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தால் வழுவழு என்றிருந்தது.

அவள் சொன்னதும் அப்பாவும் தொட்டிக்குள் கையை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். யோபுவை வீணாகத் திட்டிவிட்டோமே என்று அவருக்கு வருத்தம். பவுடர் அதிகமாகிவிட்டதோ என்று சில நாட்கள் வெயிலில் விட்டுப் பார்த்தார்கள். பவுடர் வாடை போய்விட்டது, எரிச்சல் போகவில்லை. கூடவே தண்ணீர் லேசாகப் பச்சை பூத்தது. பாசி பிடிக்கிறது என்று அப்பா இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டார். தண்ணீர் கலங்கிப் போய், அடித்தளமே தெரியாமல் ஆனது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்ததும் தொட்டித் தண்ணீரைத் திறந்து வெளியேற்றிவிடலாம் என்று அப்பா முடிவெடுத்தார். திரும்ப எப்போது நிரப்புவது என்று அம்மா கேட்டாள். கிணற்றில் தண்ணீர் கீழே போயிருந்தது. இனித் தெருவிடம் கேட்கவும் முடியாது. மழை பெய்த பிறகுதான் என்றார் அப்பா.

அதற்கு இன்னும் எத்தனையோ மாதங்கள் இருந்தன. டாக்டர் சொன்ன வளர்கிற வயது அதற்காகக் காத்திருக்குமா?

மறுநாள் மாலை, பூரணி தொட்டியின் படியில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிட்ட குழம்பு அவள் பாவாடையில் சிந்தி மஞ்சள் கறையாகியிருந்தது. அம்மா பார்ப்பதற்குள் அலசிவிடலாம் என்று தொட்டித் தண்ணீரை அள்ளித் தேய்த்தாள். கறை போகவில்லை. செங்கல் நிறத்தில் சிவந்து நின்றது.

மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும். துணி துவைக்கும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் இங்கே சோப்பே இல்லையே.

அவள் கிணற்றடிக்கு ஓடி, வாளியில் இருந்த தண்ணீரைக் கறையின் இன்னொரு பக்கத்தில் ஊற்றினாள். அது மஞ்சளாகவே இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒன்றுமில்லை. தொட்டிக்குள் வந்த பிறகுதான் அதற்கு ஏதோ ஆகியிருக்கிறது.

வீட்டை ஒட்டியிருந்த அப்பாவின் அச்சகத்து மூலையில் லேபிள் வெட்டியபின் விழும் வெள்ளைத் தாள் துண்டுகள் குவிந்து கிடக்கும். பூரணி ஒரு கூடை அள்ளி வந்தாள். மஞ்சளைக் கரைத்து அதில் தாள்களை நனைத்துக் கொடியில் காயப்போட்டாள். பிறகு வீட்டில் இருந்த ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் தாள் சிவந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பில் அதைவிட நன்றாகச் சிவந்தது. தொட்டித் தண்ணீரிலும் சிவந்தது.

அம்மா ஒரு தடவை எலுமிச்சைப் பழம் பிழிந்து செம்பருத்திச் சர்பத் போட்டது அவளுக்கு நினைவு வந்தது. புளிப்பு விழுந்ததும் நிறம் பளிச்சென்று மாறுமே! செம்பருத்தி இதழைக் கசக்கித் தாளில் தேய்த்தாள். தாள் ஊதாவானது. அது எலுமிச்சைச் சாற்றில் ரோஜா நிறமாகவும், சுண்ணாம்புத் தண்ணீரில் பச்சையாகவும் மாறியது.

யோபுவும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டான். இருவரும் மோர், புளித்தண்ணீர், ரசம், அப்பாவின் காப்பி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. காப்பியில் தாள் மிதப்பதைப் பார்த்து அப்பா வேறு காப்பி கேட்டார்.

"சுண்ணாம்புச் சத்து கூடிப்போச்சு. அதுக்கு எதிரி புளிப்பு. புளிப்பு கலந்தா அது அடங்கிரும்" என்றாள் பூரணி.

யோபு தொட்டியைப் பார்த்தான். "அப்ப அம்புட்டுக்கும் ரசம் வைக்கப் போறியாக்கா?"

ரசம் வைக்க முடியாதுதான். ஆனால் சோதித்ததில் ஒன்று பூரணியை நிமிர்ந்து உட்கார வைத்தது. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்க அம்மா குடத்தில் ஒரு கட்டி படிகாரம் சுற்றுவாள். அந்தப் படிகாரத் தண்ணீரிலும் செம்பருத்தித் தாள் ரோஜா நிறமாக மாறியது. புளிப்பும் இருக்கிறது, தெளியவும் வைக்கும்.

அவள் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்தாள். படிகாரத்தை இடித்து, சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து, ஒவ்வொரு தடவையும் தாளை நனைத்தாள். சிவப்பு, வெளிர் சிவப்பு, பிறகு மஞ்சளாகவே நின்றது. செம்பருத்தித் தாளும் ரோஜா நிறமாகவில்லை. அதாவது புளிப்பும் கூடிவிடவில்லை.

அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டாள். அவர்கள் வந்து நிற்கும்போதே யோபு வாளிக்குள் முகத்தை முக்கிவிட்டான். அவன் தலையைத் தூக்கி, சொட்டச் சொட்டச் சிரித்தான். கண்ணில் ஓர் எரிச்சலும் இல்லை.

அப்பா மஞ்சள் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தொட்டியின் சுவரைத் தடவினார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"புதுச் சிமெண்டு. சுண்ணாம்பைக் கக்கிக்கிட்டே இருக்கு. நான் போட்ட பவுடரும் சுண்ணாம்புதான். எரியுற வீட்டுல எண்ணெயை ஊத்தியிருக்கேன்." அச்சகத்தில் ஆசிட் இருக்கிறது, அதைக் கலந்தால் சீக்கிரம் அடங்கும் என்றார். பிள்ளை இறங்குகிற தண்ணீரில் ஆசிட்டா என்று அம்மா பார்த்த பார்வையில் அவரே அடங்கிவிட்டார். படிகாரம்தான் என்று முடிவானது.

விருதுநகரில் மொத்தக் கடை வைத்திருந்த அசன் முகம்மது சாக்கில் படிகாரம் அனுப்பினார். சாயப்பட்டறைக்காரர்கள்தான் அவ்வளவு வாங்குவார்கள், சேசுராஜும் சாயம் போட இறங்கிவிட்டாரா என்று விசாரித்தாராம். குளிக்கத்தான் என்று பதில் போனதும் அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தொட்டியில் எத்தனை வாளித் தண்ணீர் இருக்கும் என்று அப்பாவும் மகளும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார்கள். அப்பா மூங்கில் கழியால் துழாவ, பூரணி தாளை நனைத்து நனைத்துச் சொன்னாள். தாள் மஞ்சளாக நின்றதும் நிறுத்தினார்கள்.

ஆனால் தண்ணீரைப் பார்க்கச் சகிக்கவில்லை. திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாகத் திரண்டு மிதந்தது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அத்தனை பேர் விட்டுக்கொடுத்த தண்ணீரைக் கெடுத்துவிட்டோமே என்று பூரணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராமுத்தாய்தான் அவள் தலையைத் தடவினாள்.

"குடத்துல படியுறதுக்கே நேரமாகும். இது அம்புட்டுத் தண்ணியில்ல? பொறு தாயி."

விடிந்ததும் பூரணி பல்கூடத் தேய்க்காமல் ஓடினாள். தொட்டியின் அடியில் கிடந்த ஒரு வேப்பங்கொட்டை தெளிவாகத் தெரிந்தது. கலங்கல் முழுவதும் மெல்லிய தயிர்போல அடியில் படிந்திருந்தது. அப்பா ரப்பர் குழாயை வைத்து, வண்டலை மட்டும் வேப்பமரத்தடிக்கு இழுத்துவிட்டார். கிருமிக்காகக் கொஞ்சமே கொஞ்சம் பவுடர் போட்டு, அதன் வாடை அடங்கும் வரை காத்திருந்தார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. சிமெண்டு அவ்வளவு சீக்கிரம் பழசாகிவிடுமா? சில நாட்களில் தாள் மறுபடி வெளிர்சிவப்பு காட்டியது. மறுபடி ஒரு கை படிகாரம். அந்தக் கோடை முழுவதும் காலையில் எழுந்ததும் பூரணிக்கு அதுதான் வேலை. கொடியில் துணிகளுக்கு நடுவே மஞ்சள் தாள்களும் ஊதாத் தாள்களும் திருவிழாத் தோரணம்போல ஆடும். அச்சகத்திலிருந்து மை வாசம் வரும். தெருவில் தீப்பெட்டிகள் காயும். பிற்காலத்தில் அவள் எத்தனையோ ஊர்களில் இருந்தாள். ஆனாலும் எங்காவது மஞ்சள் இடிக்கிற வாசம் வந்தால் அந்தக் கோடைதான் அவள் கண்முன் வந்து நிற்கும்.

தண்ணீர் முதன்முறை தெளிந்து பவுடர் வாடை அடங்கிய அன்று, யோபு முதலில் ஒரு காலை மட்டும் நனைத்துப் பார்த்தான். பிறகு மறு காலையும் வைத்தான். பூட்ஸ் இல்லை, இரும்புப் பட்டை இல்லை. தண்ணீர் மார்பு வரை வந்ததும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"நடலே. நான் பக்கத்துலதான் வாரேன்" என்றாள் பூரணி.

மெலிந்த கால் தானாக முன்னே மிதந்து போனது. அதன் பின்னால் உடம்பு போனது. ஓர் எட்டு. இன்னோர் எட்டு. கரையில் நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா கையில் இருந்த துண்டை ஏன் பிழிகிறோம் என்று தெரியாமலே பிழிந்துகொண்டிருந்தார்.

நடுத்தொட்டியில் யோபு கயிற்றை விட்டுவிட்டான். ஆடினான், கைகளை விரித்தான், விழவில்லை.

அம்மாவுக்கு டியூட்டிக்கு நேரமானது. போதும் வா என்று கூப்பிட்டாள். இன்னும் ஒரு சுற்று என்றான் யோபு. அப்பா கூப்பிட்டார், இன்னும் ஒரே ஒரு சுற்று என்றான். இட்லி ஆறுகிறது என்றார்கள். ஆறினாலும் சாப்பிடுவேன் என்றான். விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி வெளுத்த பிறகும் அவன் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தான்.

கடைசியில் அப்பாவும் பூரணியும் ஆளுக்கு ஒரு பக்கம் இறங்கி, மீன் பிடிப்பதுபோல அவனைச் சுற்றி வளைத்துத்தான் கரையேற்ற வேண்டியிருந்தது.