ஒத்தச் சக்கரம் ஏன் முனகியது?

அஸ்வினியின் தெருவுக்கு ஒரு புது வண்டி வந்தது. அதற்கு ஒரே ஒரு சக்கரம்தான். சீட்டும் கிடையாது, ஹேண்டில்பாரும் கிடையாது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் வைக்கப் பலகை. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். பேட்டரியில் ஓடும் அந்த வண்டியை எதிர்வீட்டுத் தாமரைச்செல்விக்கு அவள் மாமா பெங்களூரிலிருந்து வாங்கி வந்திருந்தார்.

அஸ்வினிக்கு வயிறு எரிந்தது.

அவனியாபுரத்திலேயே வேகமாக சைக்கிள் ஓட்டுகிறவள் தான்தான் என்று அவளுக்கு நினைப்பு. சின்னப் பிள்ளைகள், "அக்கா, ஒரு ரவுண்டு!" என்று அவள் பின்னால்தான் ஓடுவார்கள். இப்போது எல்லாரும் தாமரை பின்னால். அஸ்வினியின் தம்பி கருப்புகூட!

"நீயுமாடா?"

"அதுல லைட்டெல்லாம் எரியுதுக்கா!"

ஒருநாள் சாயங்காலம் தாமரை வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தி, சக்கரத்தின் நடுவில் சர்ரென்று தண்ணீர் அடித்தாள்.

"ஏ அஸ்வினி, இப்படிக் கழுவலாமாடி? ஒங்கம்மாதான மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்காங்க."

கழுவக் கூடாது. அது அஸ்வினிக்கு நன்றாகவே தெரியும். அம்மா கிரைண்டரையும் ஃபேனையும் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும். அதற்குள் குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகள் கிரீஸில் வழுக்கிச் சுற்றும். தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு, குண்டுகள் துருப்பிடித்துவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

"கழுவலாமே. நல்லா அடிச்சுக் கழுவு!" என்றாள் அஸ்வினி. சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் வண்டி முனக ஆரம்பித்தது. கர்... கர்... அஸ்வினிக்கு முதலில் குளுகுளு என்றிருந்தது.

ஒருநாள் தாமரை ஓடி வந்தாள். "பொங்கல் விளையாட்டு விழாவுல நான்தான் என் வண்டியில கொடி பிடிச்சு முன்னால போறேன்! மெயின் ரோடு வரைக்கும்!"

அஸ்வினிக்குத் திக்கென்றது. ஓடும்போது சக்கரம் இறுகி நின்றுவிட்டால்? தாமரை முகம் குப்புற விழுவாளே! ராத்திரி தோசை சாப்பிடும்போதும் அதே நினைப்புதான். பாதியில் எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"தாமர, அந்த வண்டிய ஓட்டாத."

"ஏன்? பொறாமையா?"

"ஆமா, பொறாமதான். அதான் அன்னைக்கு பைப்புல அடிச்சுக் கழுவச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். இப்ப பேரிங் கெட்டுப்போச்சுன்னு நெனக்கிறேன்."

தாமரையின் முகம் சிவந்தது. "போடி!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவளே வண்டியைத் தள்ளிக்கொண்டு அஸ்வினி அம்மாவின் கடைக்கு வந்தாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அஸ்வினி வண்டியை ஆஃப் செய்தாள். "நீ தூக்கிப் பிடி" என்று சொல்லி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். ஸ்க்ரூ டிரைவரின் முனையை அச்சுப் பக்கம் வைத்து, பிடியில் காதை ஒட்டிக் கேட்டாள்.

"மணல் அரைக்கிற மாதிரி சத்தம். எடது பக்கம்தான்."

அம்மா தங்கப்பொண்ணு பிரித்துப் பார்த்தார். இடது பேரிங்கிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டியது.

"இம்புட்டுத் தண்ணி எப்படிடி உள்ள போச்சு?"

"நான்தாம்மா பைப்புல அடிச்சுக் கழுவச் சொன்னேன்."

 அம்மா உப்புத்தாளை நீட்டினார். "அப்ப இந்த அச்சுல இருக்க துருவ நீயே தேய்."

கை வலிக்க வலிக்கத் தேய்த்தாள் அஸ்வினி. சிறிது நேரத்தில் தாமரையும் ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். அம்மா அதே அளவில், ரப்பர் மூடி வைத்த புது பேரிங்கை மாட்டினார்.

பொங்கலன்று ஒத்தச் சக்கரம் சத்தமே இல்லாமல் மெயின் ரோடு வரை போய் வந்தது.

தாமரை திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒரே கூட்டம். அஸ்வினி காது வைத்தே கோளாறைக் கண்டுபிடித்தது தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. "அக்கா, என் சைக்கிளையும் கேளு!" "மொதல்ல என்னோடது!" பிள்ளைகள் அஸ்வினியை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். தாமரையின் வண்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னடி, எல்லாரும் ஒன்கிட்டயே நிக்கிறாங்க?" என்றாள் தாமரை.

அந்தக் குரலில் இருந்த பொறாமை அஸ்வினிக்கு நன்றாகப் பழக்கமானது. அவள் சிரித்துக்கொண்டே பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம்விட்டாள்.