மிச்சம் அடுத்த தைக்கு

காலைச் சங்கு ஊதியதும் தெருவே தட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டது. எல்லார் தட்டிலும் ஒரே பண்டம்தான். சாம்பல் நிறத்தில், சுவரொட்டிப் பசையின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் அதற்குப் பொதுக்களி என்று பெயர். எதிர்வீட்டுக்காரர் ஒரு சின்னச் சுவைத்தகட்டை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு வாய் அள்ளிப் போட்டார். உடனே கண் சொருகியது. "ஆகா, மிளகு சரியா வுழுந்திருக்கு!" என்றார். அவர் அன்றைக்குத் தேர்ந்தெடுத்தது சாமைப் பொங்கல். அடுத்த வீட்டில் கொள்ளு ரசம். அதற்கடுத்த வீட்டுக்காரர் முருங்கைக்கீரை போட்ட பாசிப்பயற்றுக் கடைசலில் முங்கி, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்தார்.

தகடு ஒவ்வொன்றின் முதுகிலும் பொடி எழுத்தில் ஒரே பெயர் இருந்தது: நாகஜோதி, திண்டுக்கல். ஊரே அவள் நாக்கால்தான் சாப்பிட்டது. நாகஜோதியோ தன் வீட்டு ஜன்னலோரம் வெறுங்களியை விழுங்கிக்கொண்டிருந்தாள். தகடு ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அவளுக்கு அது நனைந்த சுண்ணாம்புதான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த அவள் கணவர் சென்றாயன்.

"போன வருசம் நம்ம வீட்டுச் செவுத்துல பூசுனமே, அது இதைவிடக் கொஞ்சம் காரம்."

சென்றாயன் தண்ணீர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் வாய்க்குள் ஒரு கொசு போனால் யானையாக வெளியே வரும். அந்த யானையும் சும்மா வராது. வத்தலக்குண்டு வரைக்கும் டிக்கெட் எடுத்துப் போய், அங்கே ஒரு கல்யாணத்தை முன்னின்று நடத்தி, மொய் எழுதிவிட்டுத்தான் திரும்பும். இந்த வாயை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று ஊரே சொன்னது. கடைசியில் அந்த வாய்தான் ஊருக்குச் சோறு போட்டது.

விஷயம் இதுதான். மழை மாதங்களை மறந்துபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஐப்பசியில் வெயில் மண்டையைப் பிளக்கும். பங்குனியில் திடீரென்று வந்து கதவைத் தட்டும். சிறுமலைச் சரிவில் கண்ணாடிக் கூரை போட்ட சில வயல்களில் மட்டும்தான் தானியமும் பயறும் காயும் அந்தந்தப் பருவத்தில் விளைந்தன. அது ஒரு தெருவுக்குக்கூடப் போதாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு சட்டி சமைக்க வேண்டியது, ஒருத்தர் சாப்பிட வேண்டியது. அந்தச் சுவையை அவர் நாக்கிலிருந்து பதிந்து லட்சம் நாக்குகளில் இறக்கிவிடலாம். அதற்குச் சுவைப்பதிவு என்று பெயர். கொடுப்பவர் சுவைக்கொடையாளர்.

ஆனால் பதிந்த சுவை கொடுத்தவருக்குத் திரும்ப வராது. பொறியாளர்கள் படம் போட்டு விளக்கினார்கள், யாருக்கும் புரியவில்லை. சென்றாயன்தான் புரிய வைத்தார்: "கிணறா இருந்தா இறைக்க இறைக்க ஊறும். இது இளநீங்க. ஒருதரம் குடிச்சா ஓடுதான்."

இன்னொன்றும் உண்டு. சாப்பிடும்போது மனசில் என்ன இருந்ததோ அதுவும் சுவையோடு சேர்ந்தே பதிந்துவிடும். ஒரு அம்மாள் மாமியார் மேல் இருந்த கோபத்தோடு அவியல் சாப்பிட்டுக் கொடுத்துவிட்டார். அதை உண்ட மாவட்டமே அன்றைக்கு மாமியாருடன் சண்டை போட்டது. மாமியார் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு மாமியாரை இரவல் வாங்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கொடையாளர் பக்கத்திலும் சிரிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும் என்று விதி வந்தது. அந்த வேலைக்கு மகிழ்த்துணை என்று பெயர் வைத்தார்கள். நாகஜோதிக்கு மகிழ்த்துணை சென்றாயன்தான். அவள் ஒவ்வொரு கவளமாகத் தன் நாக்கைத் தானம் செய்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து புளுகினார். ஊர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டது.

எல்லாவற்றையும் கொடுத்தவள் ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தாள். தை மாதத்தில் பரங்கிக்காயும் பச்சை மொச்சையும் போட்டு வைக்கும் கூட்டு. சாமைச் சோற்றோடு வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சமைத்துச் சாப்பிடுவாள். அன்றைக்கு மட்டும் அவள் முகம் வேறு முகம்.

அன்று காலை களியை விழுங்கி முடிக்கும் முன் மகளின் குரல் வந்தது. மகள் செந்தாழை சனிக்கோளை நோக்கிப் போகும் தொலைக்கலத்தில் இருந்தாள். போனவர்கள் திரும்புவதில்லை என்று தெரிந்தேதான் போனாள். இங்கிருந்து பேசினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் அங்கே கேட்கும். பதிலும் அப்படியே ஆடி அசைந்து வரும்.

"அம்மா, அங்க தை வந்திருக்கும்ல. எனக்கு இங்க ஒரு வாய்கூட இறங்கலம்மா. உன் தகடெல்லாம் ஒட்டிப் பாத்துட்டேன். அந்தப் பரங்கிக்காக் கூட்டு ஒண்ணுதான் இல்ல. அதை நீ குடுக்கவே இல்லையேம்மா. வருசத்துல ஒருநாள் நாம மூணு பேரும் உக்காந்து சாப்பிடுவமே."

குரல் நின்றதும் நாகஜோதி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "குடுத்துரலாங்க" என்றாள்.

"உனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் ஜோதி."

"எனக்கு இனிமே எத்தனை கூட்டு? வச்சிருந்து மேல கொண்டுபோயி யாருக்குப் பரிமாற?"

அவள் ஈரலில் இருந்த நோய் இனி மருந்துக்கு அடங்காது, அடுத்த தை வரைக்கும் தாங்காது என்று மருத்துவர் போன மாதம்தான் சொல்லியிருந்தார். அதைப் பெரிதாக்கவும் முடியாமல் சிறிதாக்கவும் முடியாமல் சென்றாயன் என்கிற மகா புளுகர் முதல் தடவையாக வாயடைத்துப் போயிருந்தார்.

"தாழைகிட்டச் சொல்லிரலாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? இறங்கி வர்றதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸா? அங்க அழுதா கண்ணீர் கீழ வுழுகாதாம். உருண்டை உருண்டையா மூஞ்சிக்கு முன்னாலயே மெதக்குமாம். எம் புள்ள அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? வேணாம். சிரிச்சுக்கிட்டே சாப்பிடட்டும்."

"அப்ப நீ சிரிக்கணும். ஒரு துளி துக்கம் வந்தாலும் அவ நாக்குல போய் நிக்கும்."

"சிரிக்க வைக்கிறது உங்க வேலை. பொய்க்கா பஞ்சம் உங்ககிட்ட?"

பதிவு நிலையத்தின் சமையலறை சிறியது. சிறுமலையிலிருந்து வந்த அரைப் பரங்கிக்காயும் ஒரு படி மொச்சையும் மேடையில் இருந்தன. நாகஜோதியால் நிற்க முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். சென்றாயன் கத்தியைப் பிடித்திருந்த அழகைப் பார்த்தால் அந்தப் பரங்கிக்காய் தானே பிளந்துகொண்டு சரணடைந்திருக்கும்.

"துண்டு பெருசு."

"இதுவா பெருசு? எங்க தண்டவாளத்துல ஒருதரம் ஒரு பரங்கித் துண்டு வுழுந்து..."

"கதையை அங்க வந்து சொல்லுங்க. இப்ப மொச்சையை வேக வைங்க. பாதிப் பரங்கியை அதுகூடவே போட்டுருங்க. அது கரைஞ்சு கொழகொழன்னு ஆகணும். மீதிப் பாதி கடைசியில. அது துண்டு துண்டா நிக்கணும்."

"ஒரே காயில ரெண்டு சாதியா?"

"ஒண்ணு கரையறதுக்கு, ஒண்ணு கடிக்கிறதுக்கு. இத்தனை வருசம் தின்னீங்களே, இது தெரியலையா?"

தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துவிட்டு ஒரு கொதி. நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியபோது, நிலையத்தின் பதிவாளர் ரோஸ்லின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்தவள் போகவே இல்லை.

"உப்புப் போட்டீங்களா?" என்று கேட்டாள் நாகஜோதி.

"அதெல்லாம் போட்டாச்சு, போட்டாச்சு."

பதிவறையில் ரோஸ்லின் அவள் நாக்கின் கீழ் உணரியை வைத்தாள். மேசைமேல் நெஞ்சளவி என்ற சின்ன விளக்கு எரிந்தது. மனசு மகிழ்ந்தால் மஞ்சள், துக்கப்பட்டால் நீலம். சென்றாயன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கதை பழைய கதைதான். சிறுமலை அடிவாரத்தில் காய்த்த ஒரு பரங்கிக்காயின் கதை. செந்தாழை சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொடங்கியது. ஒவ்வொரு தையிலும் இந்தக் கூட்டைச் சாப்பிடும்போது ஒரு பாகம் வளரும். கடைசி வாயில் நிறுத்திவிடுவார். தாயும் மகளும் சேர்ந்து திட்டுவார்கள்.

"போன வருசம் எங்க விட்டேன்? பரங்கிக்காய்க்குள்ள பள்ளிக்கூடம் தொறந்தாங்களா? இந்த வருசம் பஸ் போகுது. ஸ்டாப்பிங்கு நெறைய. கண்டக்டர் விசிலடிச்சா எதிரொலி திரும்பி வர்றதுக்குள்ள டிக்கெட் விலை ஏறிடுது."

நாகஜோதி ஒரு கவளம் வாயில் போட்டாள். சிரிப்பு வந்தது. விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"ஒருநாள் டிரைவர் பசி தாங்காம வழியிலயே ரோட்டைத் தோண்டித் தின்னுட்டான். நகராட்சி வந்து அளந்து பாத்துட்டு, 'பள்ளம் ஒண்ணுதான், ஆனா ருசி ரெண்டு'ன்னு எழுதிட்டுப் போனாங்க."

அவளுக்குப் புரையேறியது. ரோஸ்லினே திரும்பிக்கொண்டு சிரித்தாள். அவர் ஏற்ற ஏற்ற விளக்கு கார்த்திகைத் தீபம் மாதிரி நின்றது. பரங்கிக்காய்க்குள் ரயில் வந்தது, ரயிலுக்குள் சந்தை வந்தது, சந்தையில் பரங்கிக்காய் விற்றார்கள். கிண்ணத்தில் கடைசி வாய். அவள் அதை நிதானமாக வழித்து வாயில் வைத்தாள். கரைந்ததும் கரையாததுமாக அது நாக்கில் இறங்கிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷப் பழக்கத்தில், சென்றாயனின் வாய் தானாகவே சொல்லிவிட்டது:

"மிச்சம் அடுத்த தைக்கு!"

சொன்ன பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது.

விளக்கு ஒரு நொடி நீலமானது. உடனே நாகஜோதி ஓங்கிச் சிரித்தாள், கரண்டியால் அவர் தொடையில் ஒரு போடு போட்டாள். விளக்கு மறுபடி மஞ்சளாயிற்று. விழுங்கி முடித்தாள்.

ரோஸ்லின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கண் சிமிட்டுற நேரந்தாம்மா. அந்த வாயை மட்டும் வெட்டலாம்னா மொத்தமும் உதிர்ந்துரும். திரும்பப் பதியவும் முடியாது. என்ன செய்யட்டும்?"

"கலத்துல இத்தனை பேருல யாருக்குத் தெரியப்போகுது? அனுப்புத்தா."

ரோஸ்லின் அனுப்பினாள். சட்டியில் இன்னும் கொஞ்சம் கூட்டு இருந்தது. நாகஜோதி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டியைக் கணவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க சாப்பிட்டுருங்க. வீணாகுது" என்றாள்.

பொங்கல் கழிந்து, வாசல் கோலங்களெல்லாம் மங்கிய ஒரு மதியம் பதில் வந்தது. இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டார்கள்.

"அம்மா! கலம் முழுக்கப் பொங்கல்! எல்லாரும் தகட்டை ஒட்டிக்கிட்டு உக்காந்தோம். எதுக்குச் சிரிக்கிறோம்னே தெரியாம சிரிக்கிறாங்கம்மா. கலத்தலைவர் சிரிச்ச சிரிப்புல களி மூக்குல ஏறி, அவர் ஒரு பக்கம் மெதக்கறார், களி ஒரு பக்கம் மெதக்குது. நான் கிண்ணத்தை நக்கிட்டேன்."

சென்றாயன் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினார். தப்பித்தோம் என்பது போல அவளும் அழுத்தினாள்.

"கடைசி வாயில மட்டும் எல்லாருக்கும் தொண்டையைக் கட்டுச்சு. பச்சை மிளகாய் போலன்னு சொன்னாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

பிறகு அவள் குரல் தணிந்தது.

"அப்பா. அது நீ கதையை நிறுத்துற வாய். ஒவ்வொரு வருசமும் அந்த வாயில அம்மாவுக்குக் கோவம்தான் வரும், இல்லன்னா சிரிப்பு வரும். இந்த வருசம் வந்தது ரெண்டும் இல்லப்பா. அம்மாவுக்கு அடுத்த தை இல்லையா?"

நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க கண்ணீர் உருண்டைதாம்மா. ஊதுனா கொஞ்சம் தள்ளிப் போகுது. ஊதிக்கிட்டேதான் பேசறேன். அப்பா, அடுத்த தை வேணாம். மிச்சத்தை இப்பவே சொல்லிரு. அம்மா பக்கத்துல உக்காந்து கேக்கட்டும். அதைப் பதிஞ்சு எனக்கு அனுப்பு. நாங்க ரெண்டு பேரும் முழுசாக் கேட்டுக்கறோம்."

குரல் முடிந்தது. சென்றாயன் குரல்பதிவை முடுக்கிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். அவரிடம் ரயில் இருந்தது, சந்தை இருந்தது, ஊரையே முழுங்கும் காய் இருந்தது. முடிவு மட்டும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. முடிவு வைத்துக்கொண்டா யாராவது புளுகுவார்கள்?

"என்னங்க, ஆரம்பிங்க."

"எப்படி முடிக்கிறதுன்னு தெரியல ஜோதி."

அவள் யோசித்தாள். "தைதானே. காய் பழுத்திருக்கும். அறுத்துச் சமைச்சுருங்க."

"அம்புட்டையுமா? பள்ளிக்கூடம், பஸ்ஸு, ரயிலு எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பாதியை முதல்ல போடுங்க, பாதியைக் கடைசியில. ஊருக்கே பரிமாறுங்க. மிச்சம் வைக்காதீங்க."

அவர் தலையாட்டினார். அவள் மடியில் களிக்கிண்ணத்தை எடுத்துவைத்துக்கொண்டாள். கரண்டியை வாயில் வைப்பதற்கு முன் மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்குச் சட்டியில இருந்ததைச் சாப்பிட்டீங்களே, நெசமாச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

சென்றாயனால் அந்தக் கூட்டை ஏழு கடலுக்கு அப்பால் கொண்டுபோயிருக்க முடியும். தேவர்கள் வரிசையில் நின்றார்கள் என்று சொல்லியிருக்க முடியும்.

"நல்லா இருந்துச்சு" என்றார். "உப்புதான் ஒரு சிட்டிகை கம்மி. நான்தான் போட்டதா நெனச்சுக்கிட்டேன்."

"அது எனக்கு அங்கயே தெரியும்" என்றாள் நாகஜோதி. அந்தச் சுண்ணாம்பை ஒரு வாய் போட்டுக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. தாழை காத்துக்கிட்டு இருக்கா. அறுத்தாச்சு. அப்புறம்?"