காற்றைத் தொடாத தண்ணீர்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, நல்ல வெயில் நேரம். குருக்கள்மடத்து வாவித் துறையில் தோணி வலிக்க ஆண்கள் எவரும் முன்வரவில்லை. சீதேவிப்பிள்ளை அக்காதான் வந்தார். அவருடைய புருசன் கனகசிங்கத்தை முந்தின வருசம் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை விட்டு இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு தகவலே இல்லை. அக்காவின் நெற்றியில் குங்குமம் மட்டும் மாறவில்லை.

"எந்தக் காம்பில எண்டாலும் உசிரோட இரிப்பாரு தம்பி."

நான் ஆய்வுகூட உதவியாளன். குளிர்சாதனப் பெட்டிகளில் அடைக்கிற வாயு காற்றில் வருசத்துக்கு வருசம் கூடுகிறது. தண்ணீரில் அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்தால், அந்தத் தண்ணீர் கடைசியாக எப்போது காற்றைத் தொட்டது என்று சொல்லிவிடலாம். வாவியின் ஆழக்குழித் தண்ணீர்தான் எங்களுக்கு வேண்டும்.

"அவர் போன நேரத்துத் தண்ணியும் அதுக்குள்ள கிடக்குமா?"

"கிடக்கும் அக்கா" என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

குழாயை இறக்கி, வாளித் தண்ணீருக்குள் போத்தலை அமிழ்த்தி நிரப்பி, அமிழ்ந்தபடியே மூட வேண்டும். ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் வேலை பாழ்.

முதல் போத்தலில் குமிழி. இரண்டாவதைத் தட்டித் தட்டி நிரப்பினேன். குமிழி இல்லை. மூடியை இறுக்கித் துடைத்துப் பலகையில் வைத்தேன்.

மூடிய போத்தலின் அடியிலிருந்து ஒரு குமிழி ஏறியது.

மெல்ல.

எரிச்சலோடு முதல் போத்தலைக் கொட்டத் திறந்தேன். வெற்றிலையும் கராம்பும் மணத்தன.

அக்காவின் கையிலிருந்து துடுப்பு நழுவியது.

"இது அவர்ர வாய் மணம்."

வாவிக் காற்று அடங்கிவிட்டது. தோணியைச் சுற்றிக் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன.

ஐயோ, எனக்கு விளங்கிவிட்டது: அவரை இங்கேதான் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழிக்குள் எவரும் உயிரோடு இருக்க முடியாது. அக்காவோ மூடிய போத்தலைக் காதோடு அணைத்திருந்தார். உள்ளே குமிழி சுருங்கியது, விரிந்தது.

"மூச்சு விடுறாரு தம்பி! நான் சொன்னன்தானே!"

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போத்தலை அவரே கொண்டுபோனார்.

மாரி முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். குங்குமம் அப்படியே. சாமித்தட்டில் போத்தல், நான் இறுக்கிய மூடி அசையவேயில்லை. ஆனால் தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் நின்றது. மிச்சமெல்லாம் காற்று. கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து படிந்து மறைந்தது.

அக்கா வாசற்கதவை அகலத் திறந்து வைத்தார்.

"இன்னும் கொஞ்சத் தண்ணிதான் தம்பி. மறுகா வந்திருவாரு."