குட்டியின் கப்பி மீன்கள்

அவன் இன்னும் தொட்டியைத் தட்டவே இல்லை. அதற்குள் தட்டும் சத்தம் கேட்டது. டக் டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

தீனி டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டான். மகள் குட்டி, முன்பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டே, தீனி போடும்போது கண்ணாடியை இப்படித்தான் தட்டுவாள். மீன்கள் சிவப்பு வாலை விசிறிக்கொண்டு ஓடி வரும். பாழாய்ப்போன காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகும் அந்தத் தட்டலை அவன் விடவில்லை. மீன்களையும் விடவில்லை. அவள் கடையில் அடம்பிடித்து வாங்கிய ஒரே ஒரு சினைக் கப்பியின் வம்சம் அது. வேறு மீன் கலந்துவிட்டால் அப்புறம் அது எப்படிக் குட்டியின் மீனாகும்? அண்ணனுக்கும் தங்கைக்கும், அப்பனுக்கும் மகளுக்குமாக அவனே ஜோடி சேர்த்தான். வாலின் சிவப்பு துளிகூட மங்கவில்லை. முதுகுதான் கோணியது. பிறகு கண்ணே இல்லாத குஞ்சுகள் பிறந்தன. அவற்றைக் கொல்ல மனசு வரவில்லை. கொல்லைப்புறத்து டிரம்மில் கொட்டி, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் மூடிவிட்டு வருவான்.

வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் மச்சான், மனைவியின் தம்பி, மத்தியானம்தான் வந்துபோனான். கையில் தண்ணீர் நிரம்பிய பை, அதற்குள் நீல வால் ஆண் கப்பி ஒன்று.

"மாமா, இத உள்ள விடுங்க. புது ரத்தம் சேர்ந்தாதான் பொழைக்கும்."

"குட்டியோட மீன்ல கண்டதையும் கலக்கச் சொல்றியா? போடா அந்தப் பக்கம்!"

"கோவிச்சுக்காதீங்க மாமா. ஒரே ரத்தம் சுத்திச் சுத்தி வந்தா, உள்ள பதுங்கிக் கெடக்கறதெல்லாம் ஒருநாள் வெளிய வந்துரும். இதப் பாக்க முடியாமதான அக்கா அம்மா வீட்லயே இருக்கா?"

பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போனதும் தொட்டியின் காற்று மோட்டார் நின்றது. வீடு முழுக்க எப்போதும் ஓடிக்கொண்டிருந்த அந்த முணுமுணுப்பு அடங்கியபோது, பாசியும் ஊறிய தீனியும் கலந்த வாடை மட்டும் இருட்டில் மிஞ்சியது. டார்ச்சை அடித்துப் பார்த்தான். கடைசி ஆண் மீன் வயிறு மேலாக மிதந்தது. ஒரே ஒரு பெண் மீன்தான் பாக்கி. கண் இல்லாவிட்டாலும் கடைசிப் பெண் என்பதால் டிரம்மில் கொட்டாமல் விட்டிருந்த அது, கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டிருந்தது.

டக் டக். டக்.

ஐயோ, இதுவும் போனால் குட்டி முழுசாகப் போய்விடுவாள். மச்சான் வைத்துவிட்டுப் போன பையின் முடிச்சை அவிழ்த்தான். மன்னிச்சிரும்மா, அப்பாவுக்கு வேற வழி தெரியல என்று முனகினான்.

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து பதில் வந்தது.

டக் டக். டக்.

டிரம்! அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அட மடையா, அங்கேதான் இருக்கிறதே குட்டியின் ரத்தம்! கொசுப்புழுவைத் தின்றே பிழைத்திருக்கிறதுகள். ஒரே ஒரு ஆண் கிடைத்தால் போதும். பையை மறுபடி முடிந்து போட்டுவிட்டு, வலையை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினான்.

மூடி கனத்தது. வழுக்கியது. திறந்தான்.

வாடை இல்லை. அசைவும் இல்லை. வலையை இறக்கினான், மணிக்கட்டு நனையும்வரை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி.

"குட்டி?"

அடியிலிருந்து சிவப்பு எழுந்தது. நூற்றுக்கணக்கான வால்கள். ஒன்றோடொன்று நெருங்கின. ஒட்டின. நெற்றி. கன்னம். முன்பல் விழுந்த வாய். கண் இருக்கவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

அந்த முகம் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

டிரம்மின் சுவரில், டக் டக்.

கொஞ்சம் இடைவெளி.

மூன்றாவது தட்டல் அவன் மணிக்கட்டில் விழுந்தது. கையை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.