கிணற்றுக்கு மேலே ஒரு கதிர்

வெள்ளிக்கிழமை. வஜீஹாவுக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் சும்மா இரு என்றால் இருப்பாளா அவள்? திருவல்லிக்கேணியிலிருந்து அடையாறு வரை அப்பாவோடு ஜட்காவில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தையல்காரர் மெஹபூப் பாஷாதான் அவள் அப்பா. "பாவா, பாவா" என்று அவரை வழியெல்லாம் கேள்வி கேட்டே களைக்க வைத்தாள்.

ஆற்றோரம் இருந்தது அந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணை. கண்ணாடி வீடு, விதைக் கிடங்கு, மழையை அளக்கும் செப்புக் குடுவை என்று அங்கே பார்க்க எவ்வளவோ உண்டு. ஆனால் நெற்கதிருக்குச் சட்டை போடுகிற கூத்தை வேறெங்கே பார்க்க முடியும்? குருவி கொத்தாமல் இருக்க, முக்கியமான கதிர்களுக்கு மல் துணியில் சுருக்குப் பை மாட்டுவார்கள். அந்தப் பைகளைத் தைப்பது பாவாதான்.

புதுப் பைகளோடு அவர்கள் உள்ளே போனபோது, பண்ணை அதிகாரி ரகுபதி ஒரு மண்தொட்டியின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கதிரைக் காணோம் பாஷா," என்றார். "பை கிழிஞ்சிருக்கேன்னு இப்பத்தான் கழட்டினேன். மூக்குக் கண்ணாடியை எடுத்துண்டு வரதுக்குள்ள யாரோ அறுத்துண்டு போயிட்டா. உப்புத் தண்ணியிலயும் விளையற நெல்லு அது. மூணு வருஷமாப் பாடுபட்டு இந்த ஒரு கதிர்தான் தேறித்து."

அரிவாளும் கையுமாக அந்தப் பக்கம் வந்தாள் பண்ணையில் வேலை செய்யும் வேலம்மா.

"இன்னா சாமி, தொட்டியில தனியா நின்னுக்கினு இருந்துச்சே, அதுவா? நான்தான் அறுத்தேன். மொத அறுப்புல நல்ல கதிராப் பாத்துக் குருவிக்குக் கட்ட வேணாமா? அதோ கீது பாரு."

கிணற்றுக் கொட்டகையின் கூரை விளிம்பில், சரியாகக் கிணற்றுக்கு மேலே கதிர் தொங்கியது. பூனை எட்டாத இடமாகத்தான் பார்த்துக் கட்டியிருந்தாள். குருவிகள் கும்பலாகத் தொற்றிக்கொண்டு விருந்து சாப்பிட்டன.

ரகுபதி துண்டை வீசிக்கொண்டு ஓடினார். வஜீஹா குறுக்கே போய் நின்றாள்.

"வெரட்டாதீங்க சார். எல்லாம் ஒண்ணாப் பறந்தா கதிர் உதறும். நெல்லு கெணத்துல கொட்டிடும்."

துண்டு அப்படியே நின்றது. விஷயம் புரிந்த வேலம்மாவுக்கு முகம் வெளுத்தது.

"சாமி, என் வேலை போச்சா?"

ரகுபதி கதிரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வஜீஹாவுக்கு அழுகையே வந்துவிட்டது. குருவிக்குச் சாப்பாடு போட்டவளுக்கா இந்த நிலைமை?

"அக்கா, நொய் இருக்கா?" என்று கேட்டாள்.

"கோழிக்கு வெச்சது கீது."

வேலம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்த நொய்யைக் களத்தில் மெல்லத் தூவினாள் வஜீஹா. ஒவ்வொன்றாகக் குருவிகள் இறங்கி வந்தன. ஒரு குண்டுக் குருவி மட்டும் அசையவில்லை. நெல் கிடைக்கும்போது நொய்யைத் தின்ன அதற்கென்ன தலையெழுத்தா?

வஜீஹா தென்னை ஈர்க்கை வளைத்துப் புதுப் பையின் வாயில் சொருகினாள். வாய் வட்டமாக விரிந்தது. பாவா அதை ஒரு நீண்ட கழியின் நுனியில் கட்டி, கதிருக்குக் கீழிருந்து மெதுவாக உயர்த்தினார். கதிர் பைக்குள் போனது. வஜீஹா பையிலிருந்து கீழே தொங்கிய நீண்ட நாடாவை இழுத்தாள். சுருக்கு விழுந்தது.

பை துள்ளியது.

"குருவியும் உள்ளே போயிடுச்சு பாவா."

"அல்லாவே, உள்ளே உக்காந்து மிச்சத்தையும் தின்னுடுமே."

"கண்ணாடி வீட்டுக்குள்ள போய்த் திறக்கலாம். அங்கே சிந்தினாலும் பொறுக்கிக்கலாம்."

கழியை வெடுக்கென்று இழுத்ததும் கதிரைக் கட்டியிருந்த நூல் அறுந்தது. எல்லோரும் கண்ணாடி வீட்டுக்கு ஓடினார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சுருக்கைத் தளர்த்தியதும் குருவி சீறிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ரகுபதியின் தலைமேல் உட்கார்ந்தது.

அவர் ஆடாமல் அசையாமல் பைக்குள் எட்டிப் பார்த்தார். பாதிக் கதிர் காலி. மீதி பத்திரமாக இருந்தது.

"விதைக்கு இது போறும்," என்றார். "தாராளமாப் போறும்."

வேலம்மா கிட்டே வரத் தயங்கிக் கதவோரமாகவே நின்றாள்.

"நாளைக்கு நான் வரலாமா சாமி?"

"வராம? இதை வேற யார் நடுவா? குருவிக்குக் கட்டறச்சே மட்டும் என்னை ஒரு வார்த்தை கேளு. நானே நல்ல கதிராப் பார்த்துத் தரேன்."

வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வஜீஹா கதவை விரியத் திறந்துவிட்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள். குருவி வெளியே ஒருமுறை பார்த்தது, ரகுபதியின் தலைமுடியை ஒருமுறை கிளறியது, பிறகு அங்கேயே வசதியாக உட்கார்ந்துகொண்டது.